கேஸ் தீராது, கசியும்: கார் ஏசி கூல் ஆகலைன்னா எங்க ஆரம்பிக்கணும்?

ஒலி வடிவில் வெளியான எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம் இது. பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.

சென்னையில ஏப்ரல் பிறந்தா போதும், ஏசி கடை வாசல்ல எல்லாம் கார் வரிசை கட்டி நிக்கும். போய் "கூலிங் பத்தல"ன்னு சொன்னா, பல இடத்துல பானெட்டைத் திறக்கறதுக்கு முன்னாடியே பதில் வந்துடும்: "கேஸ் போட்டா சரியாயிடும்." போடுவாங்க. சரியாவும் ஆயிடும். அடுத்த ஏப்ரல்ல மறுபடி அதே வரிசை, அதே பதில், அதே பில்.

ஐடி வேலையில இருக்கறவங்களுக்கு இது நல்லாப் பழகின கதை. சர்வர் திணறுதா, ரீஸ்டார்ட் பண்ணு. ரெண்டு நாள் ஓடும், மறுபடி திணறும், மறுபடி ரீஸ்டார்ட். மெமரி எங்க லீக் ஆகுதுன்னு மட்டும் யாரும் தேட மாட்டாங்க.

இன்னிக்கு எபிசோட்ல சொல்லப் போறது அடிப்படையில ஒரே விஷயம்தான். கார் ஏசியில கேஸ் பெட்ரோல் மாதிரி செலவாகி தீர்ந்து போறதில்ல. குறைஞ்சிருக்குன்னா எங்கயோ கசிஞ்சிருக்கு. கசிவே இல்லன்னா பிரச்சினை கேஸ்லயே இல்ல. ரெண்டுல எதுன்னு தெரியாம கேஸ் போடறது ரிப்பேர் இல்ல, ரீஸ்டார்ட். எதுன்னு கண்டுபிடிக்க ஒரு ஒழுங்கு இருக்கு. அதுல பாதியை கையில டூல்ஸ் எதுவும் இல்லாம நம்மளே செஞ்சுக்கலாம்.

ஏசி குளிரை உண்டாக்கறதில்ல

ஏசி குளிரை "தயாரிக்கறது" இல்ல. உள்ள இருக்கற சூட்டை அள்ளிட்டுப் போய் வெளிய கொட்டுது, அவ்வளவுதான். கையில சானிடைசர் ஊத்தினா ஜில்லுன்னு இருக்கும் இல்லயா? அந்தத் திரவம் ஆவியாகறதுக்கு வேண்டிய சூட்டை உங்க தோல்லேர்ந்து எடுத்துக்குது. ஏசி செய்யறதும் அதேதான். ஒரே வித்தியாசம், ஆவியானதைக் காத்துல விடாம பிடிச்சு, மறுபடி திரவமாக்கி, மறுபடி ஆவியாக விடுது. மூடின வட்டம்.

நம்ம ஊர்ல ஓடற பெரும்பாலான கார்கள்ல அந்தத் திரவத்தோட பேர் ஆர்-134ஏ. சாதாரணக் காத்தழுத்தத்துல மைனஸ் 26 டிகிரியிலயே கொதிச்சு ஆவியாகிடும். கடையில எல்லாரும் "கேஸ்"னு சொல்றது இதைத்தான். ஆனா வட்டத்துல பாதி தூரம் அது திரவமா இருக்கு, பாதி தூரம்தான் கேஸா இருக்கு. இதை ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி ரொம்ப முக்கியம்.

வட்டத்துல நாலு நிறுத்தம். முதல்ல கூலிங் காயில். டேஷ்போர்டுக்கு உள்ள ஒளிஞ்சிருக்கும். இங்கதான் திரவம் ஆவியாகி சூட்டை உறிஞ்சுது. ப்ளோயர் இந்தக் காயில் வழியா காத்தை ஊதி நம்ம மூஞ்சிக்கு அனுப்புது. ரெண்டாவது கம்ப்ரசர். எஞ்சினோட பெல்ட்ல ஓடும். வந்த ஆவியை அழுத்தி, 200 பிஎஸ்ஐக்கு மேல ஏத்தி, நல்லா சூடாக்கி அனுப்பும். மூணாவது கண்டென்சர். காருக்கு முன்னாடி, ரேடியேட்டருக்கும் முன்னாடி நிக்கற ஜாலி மாதிரியான பாகம். இங்க சூடு வெளிக்காத்துக்குப் போய், ஆவி திரவமா மாறும். நாலாவது எக்ஸ்பான்ஷன் வால்வு. திரவம் ஒரு சின்ன ஓட்டை வழியா பீய்ச்சப்பட்டு, அழுத்தம் சடார்னு விழுந்து, மறுபடி காயிலுக்குள்ள போகும். நடுவுல ட்ரையர்னு ஒரு சின்ன உருளை. கேஸ்ல இருக்கற ஈரத்தைப் பிடிச்சு வைக்கறது அதோட வேலை.

சூட்டை எடுக்கத்தானே போறோம், எதுக்கு அழுத்தி இன்னும் சூடாக்கணும்னு கேக்கலாம். சூடு எப்பவும் சூடான இடத்துலேர்ந்து சூடு குறைஞ்ச இடத்துக்குத்தான் போகும். வெளிய 38 டிகிரின்னா, கண்டென்சர் அதைவிடச் சூடா இருந்தாத்தான் சூட்டைக் காத்து வாங்கிக்கும். அதனாலதான் கண்டென்சர் மேல போதுமான காத்து படலைன்னா, கேஸ் முழுசா இருந்தாலும் ஏசி தோத்துப் போகும்.

சிலிண்டர் கணக்கு

"கேஸ் இருக்கா இல்லயா, கேஜ் போட்டா தெரிஞ்சுடுமே?" நியாயமான கேள்வி. பலர் மாட்டிக்கற இடமும் இதுதான்.

வீட்டு சமையல் சிலிண்டரை யோசிங்க. உள்ள பாதிக்கும் கீழ போனாலும் அடுப்புல ஜ்வாலை அதே மாதிரிதான் எரியும். கடைசி வரைக்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது. திடீர்னு ஒரு நாள் பருப்பு பாதி வெந்திருக்கும்போது அணைஞ்சு போகும். ஏன்னா உள்ள ஒரு சொட்டு திரவம் மிச்சம் இருக்கற வரைக்கும், அழுத்தத்தைத் தீர்மானிக்கறது வெப்பநிலைதான், அளவு இல்ல. அதனாலதான் சிலிண்டரை எடை போட்டு வாங்கறோம்.

கார் ஏசியும் அப்படித்தான். எஞ்சினை அணைச்சு வச்சிருக்கும்போது கேஜ் மாட்டினா, 30 டிகிரி வெப்பத்துல ஏறக்குறைய 97 பிஎஸ்ஐ காட்டும். உள்ள 420 கிராம் இருந்தாலும் 97, 200 கிராம்தான் இருந்தாலும் 97. நின்ன காருல கேஜ் சொல்றது "ஏதோ கொஞ்சம் திரவம் இருக்கு" அப்படிங்கறது மட்டும்தான். எவ்வளவு இருக்குன்னு தெரியணும்னா மொத்தத்தையும் மெஷின்ல வெளிய எடுத்து எடை போடணும். வேற வழி கிடையாது.

எவ்வளவு இருக்கணும்? பானெட்டைத் திறந்தா உள்பக்கமோ முன்பக்கமோ ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். எந்த கேஸ், எத்தனை கிராம்னு அதுலயே போட்டிருப்பாங்க. சின்னக் கார்கள்ல பெரும்பாலும் அரை கிலோ கூட வராது. இன்னிக்கே ஒரு போட்டோ எடுத்து போன்ல வச்சுக்கங்க.

ஒரு சின்ன விதிவிலக்கு. ரப்பர் ஹோஸ் வழியாவும் கம்ப்ரசர் சீல் வழியாவும் வருஷக்கணக்குல மிகச் சின்ன அளவு கசியறது சகஜம். எட்டு, பத்து வருஷக் காருக்கு முதல் தடவையா கேஸ் குறைஞ்சிருந்தா பதற வேண்டாம். ஆனா வருஷா வருஷம் குறையுதுன்னா அது சகஜம் இல்ல, ஓட்டை.

காத்தா, கேஸா, கண்ட்ரோலா?

ஏசி பிரச்சினை எதுவா இருந்தாலும் மூணு டிபார்ட்மென்ட்ல ஒண்ணுல வந்து விழும். காத்து, கேஸ், கண்ட்ரோல். எதுலன்னு தெரிஞ்சாலே பாதி வேலை முடிஞ்சது. பத்து நிமிஷம் ஒதுக்குங்க. மதியம் ஒரு நிழல்ல வண்டியை ஸ்டார்ட் பண்ணி, ஏசி ஆன், ரீசர்க்குலேஷன் ஆன், ப்ளோயர் நடு வேகத்துக்கு மேல. ஹேண்ட் பிரேக் போட்டிருக்கணும்.

முதல் கேள்வி: காத்து நல்லா வருதா? காத்தே கம்மியா வந்து, வர்ற காத்து மட்டும் ஜில்லுன்னு இருந்தா, கேஸ் பக்கம் போகவே வேண்டாம். கேபின் ஃபில்டரைப் பாருங்க. நிறைய கார்கள்ல க்ளவ் பாக்ஸைக் கழட்டினா அதுக்குப் பின்னாடி இருக்கும். எடுத்துப் பாத்தா இலை, முடி, கட்டடத் தூசின்னு ஒரு மினி குப்பைத்தொட்டியா இருக்கலாம். சில பழைய அடிப்படை மாடல்கள்ல ஃபில்டரே கிடையாது. அங்க அந்தக் குப்பை நேரா கூலிங் காயில்ல போய் ஒட்டிக்கும்.

ப்ளோயர் முதல் மூணு வேகத்துல வேலை செய்யாம, கடைசி வேகத்துல மட்டும் ஓடுதா? அப்ப ப்ளோயர் ரெசிஸ்டர் போயிருக்கும். மோட்டர் இல்ல, வேகத்தைக் குறைக்கற ஒரு சின்ன பாகம். கடைசி வேகத்துல கரன்ட் அதைத் தொடாம நேரா போறதால அது மட்டும் ஓடுது. இதுக்கு மொத்த ப்ளோயரையும் மாத்தச் சொன்னா ஒரு நிமிஷம் நிதானிங்க.

முதல்ல நல்லா ஜில்லுன்னு இருந்து, ஒரு மணி நேரம் ஓட்டினப்புறம் காத்து மெல்ல மெல்லக் குறைஞ்சு, ஏசியை அணைச்சு பத்து நிமிஷம் கழிச்சுப் போட்டா மறுபடி வருதா? கூலிங் காயில் மேல ஐஸ் கட்டியிருக்கு. காயில் உறையப் போகுதுன்னா கம்ப்ரசரை நிறுத்தச் சொல்ற ஒரு சென்சர் அங்க இருக்கும். அது பொய் சொல்லுதான்னு பாக்கணும். அழுக்குக் காயிலும் கேஸ் குறைவும் கூட ஐஸ் கட்ட வைக்கும்.

ரெண்டாவது கேள்வி: காத்து வருது, ஆனா ஜில்லுன்னு இல்ல. எப்ப? வண்டி ஓடும்போது பரவாயில்ல, சிக்னல்ல நின்னா மட்டும் சூடாகுதுன்னா, கண்டென்சரைப் பாருங்க. ஓடும்போது காத்து தானா வந்து மோதுது. நின்னா ஃபேனை நம்பித்தான் இருக்கு. ஏசி போட்டதும் முன்னாடி ஃபேன் சுத்தணும். தள்ளி நின்னு பாருங்க, கையை மட்டும் கிட்ட கொண்டு போகாதீங்க. மெக்கானிக்குகள் செய்யற ஒரு எளிய சோதனை இருக்கு. வண்டி ஐடில்ல ஓடும்போது கண்டென்சர் மேல குழாய்த் தண்ணியை மெல்ல அடிச்சா உடனே கூலிங் ஏறுதா? அப்ப கேஸ் இருக்கு, சூடு வெளியேறதுதான் பிரச்சினை. ஃபேனோ, ஜாலியில அடைஞ்ச மண்ணோ காரணமா இருக்கும்.

எப்பவுமே, ஓடினாலும் நின்னாலும், வெதுவெதுன்னு வருதுன்னா மட்டும்தான் சந்தேகம் கேஸ் வட்டத்துக்குள்ள போகுது. கம்ப்ரசர்ல மேக்னெட் கிளட்ச் இருக்கற காரா இருந்தா, ஏசி பட்டனை அழுத்தினதும் "டக்"னு ஒரு சத்தம் கேக்கும், எஞ்சின் வேகம் லேசா மாறும். அது கேக்கவே இல்லன்னா ஃப்யூஸ், ரிலே, வயரிங் பக்கமும் பாக்கணும். கேஸ் ரொம்பக் குறைஞ்சாலும் பிரஷர் சுவிட்ச் கம்ப்ரசரை ஓட விடாது. இது பிழை இல்ல, பாதுகாப்பு. புது மாடல்கள் சிலதுல கிளட்சே கிடையாது, அதுல இந்த "டக்" சத்தத்தை எதிர்பார்க்காதீங்க.

மூணாவது கேள்வி: கண்ட்ரோல். டெம்பரேச்சர் நாபைத் திருப்பினா, அல்லது ஆட்டோமேட்டிக் கிளைமேட் கண்ட்ரோல்ல 22னு வச்சா, டேஷ்போர்டுக்குள்ள ஒரு சின்னக் கதவு நகருது. குளிர்ந்த காத்தையும் ஹீட்டர் வழியா வர்ற சூடான காத்தையும் எந்த அளவுல கலக்கணும்னு அதுதான் முடிவு பண்ணும். அதை நகர்த்தற குட்டி மோட்டரோட பல்சக்கரம் தேஞ்சா, டேஷ்போர்டுக்குள்ளேர்ந்து "டிக் டிக் டிக்"னு சத்தம் வரும், கதவு பாதியில நிக்கும். அப்ப ஏசி முழு பலத்தோட குளிர்விச்சுக்கிட்டே இருக்கும், அதுலயே ஹீட்டர் காத்து கலந்துக்கிட்டே இருக்கும். ஒரு பக்க வென்ட்ல ஜில், இன்னொரு பக்கத்துல சூடுன்னா முதல் சந்தேகம் இந்தக் கதவு மேல. கேஸ் குறைஞ்சாலும் சில கார்கள்ல இப்படி வரும்ங்கறதால ரெண்டையும் பாக்கச் சொல்லுங்க. ஆட்டோமேட்டிக் கார்கள்ல உள் வெப்பம், வெயில், காயில்னு பல சென்சர் இருக்கு. ஸ்கேனர் மாட்டினா எது தப்பா படிக்குதுன்னு பெரும்பாலும் தெரிஞ்சுடும்.

ஒரு சமையல் தெர்மாமீட்டர் இருந்தா நடு வென்ட்ல சொருகி, பத்து நிமிஷம் கழிச்சு என்ன காட்டுதுன்னு எழுதி வைங்க. நம்ம ஊர் மதிய வெயில்ல 8லேர்ந்து 12 டிகிரி வந்தா வண்டி நல்லா இருக்கு. 20க்கு மேலயே நின்னா எங்கயோ தகராறு. "கூலிங் பத்தல"ன்னு சொல்றதுக்கும் "வென்ட்ல 21 டிகிரி, ஓடினாலும் அதேதான்"னு சொல்றதுக்கும் கடையில கிடைக்கற மரியாதையே வேற.

கம்ப்ரசர் போச்சா?

எங்க தெருவுல ஒரு கால் டாக்சி அண்ணன் இருக்கார். பத்து வருஷ ஹேட்ச்பேக். மூணு கோடையா ஏப்ரல்ல கேஸ் போடறார், ஜூலைக்குள்ள வெதுவெதுப்பாயிடுது. டாக்சிக்கு ஏசி சொகுசு இல்ல, வயித்துப்பாடு. பயணி உள்ள உக்காந்ததும் கேக்கற முதல் கேள்வியே "ஏசி இல்லயா?". போன மே மாசம் ஒரு கடையில அவர்கிட்ட "கம்ப்ரசர் வீக், மாத்தணும், 22,000 ஆகும்"னு சொல்லியிருக்காங்க. கேஜ் ரீடிங்கை ஒரு சீட்டுல எழுதி வாங்கிட்டு வந்து என்கிட்ட காட்டினார்.

"தம்பி, கேஸ் ஃபுல்லா இருக்குன்னு கேஜ்லயே காட்டினாங்க. 95. அப்புறம் ஓட விட்டா ஏறவே மாட்டேங்குது. அப்ப கம்ப்ரசர்தானே?"

சீட்டுல மூணு எண் இருந்தது. நிறுத்தி வச்சப்ப 95. ஓடும்போது லோ சைடு 15, ஹை சைடு 130. அந்த 95 எதையும் நிரூபிக்காதுன்னு சிலிண்டர் கணக்குல பாத்தாச்சு. மிச்ச ரெண்டு எண்ணும்தான் கதை சொல்லுது.

"அண்ணா, கம்ப்ரசர் வீக்னா அதால இழுக்கவும் முடியாது, தள்ளவும் முடியாது. ஹை சைடு கம்மியாத்தான் காட்டும், சரி. ஆனா லோ சைடு ஜாஸ்தியா நிக்கணும். உங்களுக்கு ரெண்டுமே கம்மி. இழுக்கறதுக்கே உள்ள சரக்கு இல்லன்னு அர்த்தம்."

இந்தக் கணக்கை எல்லாரும் ஒரு தடவை கேட்டுக்கங்க. ஆர்-134ஏ காரு, நல்ல நிலையில ஓடும்போது லோ சைடு 25லேர்ந்து 45 பிஎஸ்ஐக்குள்ள, ஹை சைடு நம்ம வெயில்ல 200லேர்ந்து 250 வாக்குல இருக்கும். ரெண்டும் கம்மின்னா கேஸ் குறைவு. ரெண்டும் ஜாஸ்தின்னா கேஸ் அதிகம், இல்ல கண்டென்சருக்குக் காத்து போகல. லோ ஜாஸ்தி, ஹை கம்மின்னா கம்ப்ரசர் சந்தேகம். லோ கிட்டத்தட்ட பூஜ்யத்துக்குப் போகுதுன்னா எங்கயோ அடைப்பு, பெரும்பாலும் எக்ஸ்பான்ஷன் வால்வுல. எண்கள் காருக்குக் கார் மாறும், ஆனா இந்த நாலு வடிவம் மாறாது.

இன்னொரு கடைக்குப் போனோம். அங்க ரெக்கவரி மெஷின் இருந்தது. ஏசியில முப்பது வருஷ அனுபவம் உள்ள பாய் ஒருத்தர் கேஸ் மொத்தத்தையும் வெளிய எடுத்து எடை போட்டார். 180 கிராம். ஸ்டிக்கர்ல 420. பாய் கேஜைப் பாக்கவே இல்ல, நேரா பம்பரைக் கழட்டச் சொன்னார். கண்டென்சரோட கீழ் மூலையில உள்ளங்கை அளவுக்கு எண்ணெய்ப் பிசுக்கோட அழுக்கு படிஞ்சிருந்தது. கேஸோட சேர்ந்து கம்ப்ரசர் ஆயிலும் ஓடும்ங்கறதால, கசியற இடத்துல எண்ணெய் வந்து தூசியைப் பிடிச்சுக்கும். நைட்ரஜன் ஏத்தி சோப்புத் தண்ணி தடவினார். நுரை கிளம்புச்சு.

"கல்லு அடிச்சிருக்கு, இல்ல உப்புக்காத்து தின்னுருக்கு. மூணு வருஷமா இங்கதான் போய்க்கிட்டு இருக்கு"ன்னார் பாய். அண்ணன் வண்டி நிக்கறது பட்டினப்பாக்கம் பக்கம். கடல் காத்து அலுமினியத்தை விடாது.

கண்டென்சர், ட்ரையர், ஓ-ரிங், வேக்கம், கேஸ், கூலி எல்லாம் சேர்த்து 8,500 ரூபாய் ஆச்சு. வென்ட்ல 9 டிகிரி. கம்ப்ரசரை யாரும் தொடல. ஆனா பாய் ஒரு எச்சரிக்கையும் கொடுத்தார்: "கம்ப்ரசர் இப்ப நல்லாத்தான் இருக்கு. ஆனா மூணு வருஷம் ஆயில் கம்மியா ஓடியிருக்கு. எவ்வளவு நாள் தாங்கும்னு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

இங்கதான் உண்மையான நஷ்டம் இருக்கு. கம்ப்ரசருக்கு எண்ணெய் போடறது தனியா ஒரு சிஸ்டம் இல்ல, கேஸோட சுத்தி வர்ற ஆயில்தான். கேஸ் குறைஞ்சா ஆயில் திரும்பி வர்றதும் குறையும். வருஷா வருஷம் கேஸ் மட்டும் போட்டுக்கிட்டே இருந்தா, இன்னிக்குத் தப்பா சொல்ற "கம்ப்ரசர் போச்சு" நாளைக்கு நிஜமாயிடும்.

கடையில கேக்க வேண்டியது

ஒண்ணு, "பழைய கேஸை எடுத்து எத்தனை கிராம்னு சொல்லுவீங்களா?" அந்த ஒரு எண் போதும், கசிவு இருக்கா இல்லயான்னு தெரிஞ்சுடும். குறையவே இல்லன்னா, காத்து, கண்டென்சர், கண்ட்ரோல் பக்கம் திரும்பலாம்.

ரெண்டு, "லீக் எப்படிப் பாப்பீங்க?" நைட்ரஜன், எலக்ட்ரானிக் டிடெக்டர், அல்ட்ரா வயலட் விளக்குல மின்னற டை, இதுல எதுவும் நல்ல பதில். "வேக்கம் போட்டேன், நின்னுச்சு, லீக் இல்ல" அப்படிங்கறது மட்டும் முழு பதில் இல்ல. வேக்கத்துல வெளிக்காத்து உள்ள அழுத்தறது வெறும் 15 பிஎஸ்ஐக்குள்ள. வண்டி ஓடும்போது உள்ளேர்ந்து தள்றது 200க்கு மேல. 15க்குத் தாங்கற ஓட்டை 200க்குத் தாங்காது. கசிவு கூலிங் காயில்லன்னா டேஷ்போர்டைக் கழட்ட வேண்டி வரலாம். அப்ப கூலிதான் பெரிய செலவு, அதனால சந்தேகத்துல கழட்ட விடாதீங்க. தண்ணி வடியற குழாய்கிட்ட டிடெக்டர் வச்சுப் பாத்துட்டுக் கழட்டச் சொல்லுங்க.

மூணு, "வேக்கம் எவ்வளவு நேரம்?" வட்டத்தைத் திறந்தா காத்தும் ஈரமும் உள்ள போயிடும். வேக்கத்துல தண்ணி சாதாரண வெப்பத்துலயே கொதிச்சு ஆவியாகிடும், அப்படித்தான் ஈரத்தை இழுக்கறாங்க. அதுக்கு அரை மணி நேரமாவது வேணும். டீ குடிக்கற நேரத்துல முடிஞ்சா அது வேக்கம் இல்ல. மிஞ்சின ஈரம் எக்ஸ்பான்ஷன் வால்வுல உறையும், ஆயிலோட சேர்ந்து அமிலமாகி உள்ளேர்ந்தே அரிக்கும். வட்டத்தைத் திறந்தா ட்ரையரையும் மாத்தறது இதனாலதான்.

நாலு, "எடை போட்டு ஏத்துவீங்களா?" கொஞ்சம் ஜாஸ்தியா போட்டா கொஞ்சம் ஜாஸ்தியா கூலாகும்னு ஒரு நம்பிக்கை இருக்கு. நடக்கறது நேரெதிர். கண்டென்சர்ல திரவம் இடத்தை அடைச்சுக்கிட்டு, அழுத்தம் ஏறி, கூலிங் குறையும், கம்ப்ரசர் திணறும். எலக்ட்ரிக், ஹைப்ரிட் வண்டிகள்ல இன்னொண்ணும் கேளுங்க: எந்த ஆயில்? அங்க கம்ப்ரசர் உயர் மின்னழுத்தத்துல ஓடறதால, மின்சாரம் கடத்தாத தனி ஆயில் வேணும். சாதாரணக் கார் ஆயில் கொஞ்சம் கலந்தாலும் ஆபத்து.

ரெக்கவரி மெஷின் இல்லாத கடையில பழைய கேஸை என்ன பண்ணுவாங்க? வால்வைத் திறந்து காத்துல விட்டுடுவாங்க. ஆர்-134ஏ ஓசோனைத் தொடாது. 1987 மான்ட்ரியல் ஒப்பந்தத்துக்கு அப்புறம் பழைய ஆர்-12க்குப் பதிலா இது வந்ததே அதனாலதான். ஆனா பூமியைச் சூடாக்கறதுல ஒரு கிலோ ஆர்-134ஏ, 1,430 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். 400 கிராமைக் காத்துல விட்டா, ஏறக்குறைய 250 லிட்டர் பெட்ரோலை எரிச்ச கணக்கு. ஐரோப்பாவுல 2017லேர்ந்து புதுக் கார்கள்ல இதைப் போடக் கூடாதுன்னு சட்டம். 2016 கிகாலி ஒப்பந்தப்படி இந்தியாவும் படிப்படியா குறைக்கணும். வருஷா வருஷம் கசிய விடறது பர்ஸுக்கு மட்டும் நஷ்டம் இல்ல.

இதையெல்லாம் பயப்பட வேண்டாம், இதுக்குப் பயப்படணும்

காருக்கு அடியில தண்ணி சொட்டினா பயப்பட வேண்டாம். காத்துல இருந்த ஈரம் காயில்ல பட்டு வடியுது. சென்னை மாதிரி ஊர்ல நிறையவே வடியும். ஆனா அதே தண்ணி வெளிய வராம பயணி கால்பக்க மேட்டை நனைச்சா, வடிகுழாய் அடைச்சிருக்கு. ஏசி போட்டதும் ஊறின துணி மாதிரி வாடை அடிச்சா, காயில்ல பூஞ்சை. வீடு சேர ரெண்டு நிமிஷம் முன்னாடி ஏசியை அணைச்சு ப்ளோயரை மட்டும் ஓட விட்டா காயில் உலரும், வாடை குறையும். இனிப்பான வாடையும் கண்ணாடி உள்பக்கம் எண்ணெய்ப் படலமும் வந்தா அது ஏசியே இல்ல. ஹீட்டர் பகுதியில கூலன்ட் கசியுது. எஞ்சின் சூடாகி நிக்கறதுக்குள்ள காட்டிடுங்க.

பயப்பட வேண்டியது ரெண்டு. கேஸ் குழாயை நீங்களே கழட்டாதீங்க. மைனஸ் 26ல கொதிக்கற திரவம் கண்ணுல பட்டா அங்கயே உறைஞ்சுடும். அப்புறம், வண்டியை நிறுத்தி, கண்ணாடியை ஏத்தி, எஞ்சினை ஓட விட்டு ஏசியில தூங்காதீங்க. எக்ஸாஸ்ட்ல எங்கயாவது கசிவு இருந்தா கார்பன் மோனாக்சைடு உள்ள வரும். வாடை கிடையாது, எழுப்பாது. நைட் ட்ரிப் அடிக்கற டாக்சி நண்பர்களுக்கு இதை அவசியம் சொல்லுங்க. ஓடற வண்டியிலும் நாலு பேர் ரீசர்க்குலேஷன்லயே மணிக்கணக்கா போனா கார்பன் டை ஆக்சைடு ஏறி, ஓட்டறவருக்குத் தூக்கம் சொக்கும். அப்பப்ப வெளிக்காத்தைத் திறந்து விடுங்க.

அந்த டாக்சி அண்ணனோட சீட்டு மாதிரி ஒரு சீட்டு நீங்களும் வச்சுக்கங்க. ஸ்டிக்கர்ல எத்தனை கிராம், வென்ட்ல எத்தனை டிகிரி, கடையில எத்தனை கிராம் எடுத்தாங்க, எத்தனை ஏத்தினாங்க, தேதி. அஞ்சு வரி போதும். அடுத்த வருஷம் "கேஸ் போட்டா சரியாயிடும்"னு யாராவது சொன்னா, அந்தச் சீட்டை நீட்டி, "போன தடவை 420 போட்டீங்க, இப்ப எவ்வளவு இருக்குன்னு எடுத்துப் பாருங்க"ன்னு சொல்லுங்க.

அடுத்த எபிசோட்ல கார் பேட்டரி: ராத்திரி நல்லா இருந்தது, காலையில ஏன் ஸ்டார்ட் ஆகல? உங்க வண்டியோட ஏசி கதை இருந்தா வாய்ஸ் நோட்டா அனுப்புங்க, மறக்காம மூணு எண்ணோட: நிறுத்தி வச்சப்ப எவ்வளவு, லோ சைடு எவ்வளவு, ஹை சைடு எவ்வளவு.